எழுத்துக்கும் சாயல் உண்டு

என் அக்காள் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். இரண்டு வருடமாக ஒரு படக்கதை வரைந்துகொண்டிருக்கிறாள். கடல் நடுவே ஐந்து தீவுகள், ஐந்து மொழிகள், முன்னொரு காலத்தில் எல்லாவற்றையும் ஆண்டு மறைந்த ஒரு பேரரசு. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சிங்கப்பூரின் தேக்கா நிலைய உணவங்காடியில் தோசைக்குக் காத்திருந்தபோது டேப்லட்டைத் திறந்து ஐந்து தீவுகளின் எழுத்துகளையும் காட்டினாள். "சித்தி, இது அஞ்சும் ஒரே எழுத்துலேருந்து வந்ததுன்னு சொன்னா நம்புவீங்களா?"

என்னால் நம்ப முடியவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக அழகு. ஆனால் ஒரே மின்தூக்கியில் ஏறிய ஐந்து அந்நியர்களைப் போல நின்றன. உறவு தெரியட்டும் என்று அவள் ஒரு வேலை செய்திருந்தாள்: எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி ஒரு சுழியைச் சேர்த்திருந்தாள். ஒரே தையல்காரரிடம் சட்டை தைத்துக்கொண்டால் அண்ணன் தம்பி ஆகிவிட முடியுமா? சாயல் என்பது வேறு. பாட்டியின் நடை பேத்திக்கு வந்திருக்கும். முகம் துளியும் பொருந்தாது. தூரத்திலிருந்து நடையைப் பார்த்தே "இது அந்த வீட்டுப் பெண்" என்று சொல்லிவிடுவார்கள்.

தமிழ் எழுத்துரு வடிவமைப்பு என் தொழில். எழுத்துகளின் உறவு முகத்தில் இருப்பதைவிட நடையில்தான் அதிகம் இருக்கிறது என்பது அந்தத் தொழிலில் நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. கற்பனை உலகத்துக்கு ஓர் எழுத்துக் குடும்பம் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முகத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதை அவளுக்கு வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது சுலபம் என்று தோன்றியது. சிங்கப்பூரில் அதற்கு ஒரு மதிய நடை போதும்.

நகர மண்டபத்திலிருந்து கல் வரை

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் பலகையில் தமிழில் "நகர மண்டபம்" என்று இருக்கும். அதில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள்: க. வெளியே வந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு எதிரே சாலையைக் கடந்தால் பெனின்சுலா பிளாசா. மியன்மார்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் இடம். கடைப் பலகைகளெல்லாம் பர்மிய எழுத்து. அங்கேயும் ஒரு க இருக்கிறது. தோளோடு தோள் உரசி நிற்கும் இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். தாய்லாந்து எழுத்தில் இதே க, நம் 'ப'வைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும்.

மூன்றுக்கும் மூலம் பிராமி. அசோகர் காலத்துப் பிராமியில் க என்பது வெறும் கூட்டல் குறி: ஒரு நெட்டுக்கோடு, ஒரு குறுக்குக்கோடு. நம் க-வில் அந்தக் கூட்டல் குறி இன்றும் உள்ளே நிற்கிறது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டலாம். தென்னிந்தியாவில் பல்லவர் கால எழுத்தாக மாறிக் கடல் கடந்து போன வழியில் குறுக்குக்கோட்டின் இரு முனைகளும் கீழே வளைந்தன. பர்மியத்தில் அந்த வளைவுகளே எழுத்தாகிவிட்டன. முகத்தை மட்டும் பார்த்தால் நம் க-வும் அந்த இரண்டு வளைவுகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் தேசிய அரும்பொருளகம். உள்ளே சிங்கப்பூர்க் கல்லின் ஒரு துண்டு இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம் நின்ற மணற்பாறை. சுமார் ஐம்பது வரிகள் அதில் பொறித்திருந்தன. 1843இல் கட்டுமான வேலைக்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டில் இருக்கும் எழுத்து காவி வகையைச் சேர்ந்தது என்பது பலருடைய கருத்து. காவி என்பது பல்லவ எழுத்தின் சாவகப் பிள்ளை. கல்வெட்டை இதுவரை யாரும் முழுதாக வாசிக்கவில்லை. 2019இல் ஓர் ஆய்வாளர் ஒரு சிறு பகுதியைக் "கேசரிவ" என்று வாசித்து, சோழர்களின் பரகேசரிவர்மன் என்ற பட்டத்தோடு பொருத்திப் பார்த்தார். நமக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சில எழுத்துகளை வைத்து முடிவு சொல்ல முடியாது; அது ஒரு கருத்தாகவே நிற்கிறது.

கண்ணாடிப் பெட்டி முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். "வாசிக்கவே முடியாதுன்னா அப்புறம் சொந்தம்னு எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. எழுத்தின் பொருள் தெரியாவிட்டாலும் அதன் பழக்கங்கள் தெரியும்.

வீட்டுப் பழக்கம்

க என்று எழுதினாலே அகரம் உள்ளே இருக்கிறது. வேறு உயிர் வேண்டுமென்றால் அந்த மெய்யைச் சுற்றி ஒரு குறி போடுகிறோம்: வலப்பக்கம் கால், மேலே கொக்கி, இடப்பக்கம் கொம்பு. இந்த உயிர்மெய் முறை பிராமிக் குடும்பம் முழுவதற்கும் பொது. அதிலும் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். "கெ" என்று சொல்லும்போது முதலில் வருவது க் ஒலி, பிறகுதான் எ. எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. சின்ன வயதில் இதை ஏன் இப்படி எழுதுகிறோம் என்று நாம் யாரும் கேட்டதில்லை. தாய்லாந்து எழுத்திலும் எகரக் குறி மெய்க்கு முன்னால்தான். பர்மியம், கெமர், ஜாவானியம் எல்லாவற்றிலும் அப்படியே. ஒருவரை ஒருவர் பார்க்காத ஐந்து பேர் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தால், பின்னால் ஒலிப்பதை முன்னால் எழுதலாம் என்று ஐந்து பேருக்கும் தோன்றாது. இது பரம்பரையாக வந்த பழக்கம். சாயல் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே கற்பனைக் குடும்பத்துக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது எழுத்தின் உருவம் அல்ல. உயிரொலியை எப்படிக் குறிப்பார்கள், எந்தப் பக்கம் ஒட்டுவார்கள், எந்தத் திசையில் எழுதுவார்கள், எழுத்து வரிசை என்ன என்பவைதான் முதலில். இந்த நான்கும் ஐந்து தீவுகளுக்கும் பொதுவாக இருந்துவிட்டால் உருவம் எவ்வளவு மாறினாலும் வாசகர் மனம் உறவை உணர்ந்துவிடும்.

எழுத்து வரிசையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் எழுத்தியலில் கிடையாது. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடிக்கொண்டு வருகிறோம். க-விலிருந்து ம வரை ஓர் ஒழுங்கு இருக்கிறது: தொண்டையில் தொடங்கி ஒலி பிறக்கும் இடம் படிப்படியாக உதட்டுக்கு வருகிறது, வல்லினமும் அதன் இன மெல்லினமும் ஜோடி ஜோடியாக. பிறகு ய ர ல வ. அதன் பின் ழ ள ற ன. ல-வின் பக்கத்தில் நிற்க வேண்டிய ள ஏன் வரிசையின் கடைசிக்குப் போனது? ற-வும் ன-வும் இன ஜோடிதானே, அவை ஏன் த-ந, ப-ம போல வரிசை நடுவே இல்லை?

காரணம் எளிமையானது. பிராமியின் வரிசை பிராகிருதம், வடமொழி ஒலிகளுக்கு அமைந்தது. தமிழுக்கே உரிய இந்த நான்கு ஒலிகளுக்கும் அதில் இடம் இல்லை. தமிழுக்கு எடுத்துக்கொண்டவர்கள், ஏற்கெனவே இருந்த எழுத்துகளில் சிறு திருத்தம் செய்து புதிய உருவங்களை உண்டாக்கி, மனப்பாடமான வரிசையைக் கலைக்காமல் வாலில் சேர்த்துவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நடந்த ஓர் ஒட்டுவேலையின் தையல் இன்றும் நம் பிள்ளைகளின் வாய்ப்பாட்டில் தெரிகிறது. ரோமானியர்களிடமும் இதே கதை உண்டு. கிரேக்க வழியில் வந்த 'இசட்' அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எடுத்துவிட்டு, அந்த ஏழாம் இடத்தில் 'சி'யிலிருந்து செய்த 'ஜி'யை வைத்தார்கள். பின்னால் கிரேக்கச் சொற்களை எழுத 'இசட்' மறுபடி தேவைப்பட்டபோது பழைய இடம் போய்விட்டது. கடைசியில்தான் உட்கார முடிந்தது.

பொருந்தாத சட்டை

இதிலிருந்து கிடைக்கும் பாடம்தான் எழுத்துக் குடும்பம் அமைப்பதில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். மூல எழுத்து, பிள்ளை மொழிகளுக்குப் பொருந்தாமல் இருக்க வேண்டும். பிராமி தமிழுக்காகப் பிறந்ததல்ல. அதில் எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு இல்லை. மெய்யைத் தனியே எழுதவும் தமிழ்ச் சொல்லுக்கு ஏற்ற சுலபமான வழி இல்லை. பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் இதைச் சமாளிக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். கடைசியில் வென்றது புள்ளி. மெய் புள்ளி பெறும் என்கிறது தொல்காப்பியம். குறில் எகர ஒகரங்களும் அப்படியே புள்ளி பெறும் என்கிறது. அதாவது அன்று நெடிலுக்குக் குறி இல்லை, குறிலுக்குத்தான் புள்ளி. ஏ, ஓ என்று நெடிலை வேறுபடுத்தும் இன்றைய வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் வந்தது.

ஒரே குறையை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கும்போதுதான் குடும்பம் கிளை பிரிகிறது. தமிழ் புள்ளி வைத்தது. பிலிப்பீன்ஸின் பேபேயின் எழுத்தில் அசையின் கடைசி மெய்யை எழுதாமலே விட்டுவிட்டார்கள். படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். 1620இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார் சிலுவை வடிவக் குறி ஒன்றை அதற்காகச் சேர்த்தார். தாய்லாந்துக்காரர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். வடமொழியின் ச, ஷ, ஸ வகை எழுத்துகள் மூன்றும் அவர்களிடம் போயின. மூன்றுக்கும் அவர்கள் வாயில் ஒரே ஒலிதான். எழுத்தை எறியவில்லை, வடசொற்களின் பழைய எழுத்துக்கூட்டலைக் காக்க வைத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் ஒலி வேறுபாடு இழந்த வேறு பல எழுத்துகள், குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேலையை எடுத்துக்கொண்டன. சும்மா கிடந்த பாத்திரத்துக்கு ஒரு புது உபயோகம்.

அக்காள் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் தலையை ஆட்டிவிட்டு ஐந்து மொழிகளுக்கும் ஒலிப் பட்டியல் போட்டாள். பேரரசின் மொழியில் ழ மாதிரி ஒலியே கிடையாது, மலைத்தீவில் அது வாக்கியத்துக்கு ஒரு தடவை வரும் என்று வைத்தாள். கதை அந்த இடத்தில்தான் உயிர் பெற ஆரம்பித்தது. பேரரசின் அதிகாரி மலைத்தீவுக்காரனின் பெயரைப் பதிவேட்டில் தப்பாகவே எழுதுவான், ஏனென்றால் அவனிடம் எழுத்தே இல்லை. நம் வீட்டுத் தாத்தாக்களின் பெயர்கள் அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் என்ன பாடுபட்டன என்பது சிங்கப்பூரில் பிறந்த யாருக்கும் தெரியும். ழ-வுக்கு 'எல்' போட்டவர், 'இசட்'டோடு 'எச்' சேர்த்தவர், ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று.

எழுத்து எப்படிப் பயணம் போனது என்பதையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது. தமிழ்ப் பிராமியில் "பெரும்பதன் கல்" என்று எழுதியிருக்கிறது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். தொழில் தேடிப் போன ஒருவர் தன் பெயரைத் தன் கல்லில் பொறித்துக்கொண்டார். சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டு வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்து இந்தப் பகுதியில் பிள்ளை பெறவில்லை. பல்லவ எழுத்துதான் பெற்றது. ஏறக்குறைய 400ஆம் ஆண்டில் கிழக்குக் கலிமந்தானில் மூலவர்மன் என்ற அரசன் வேள்வித் தூண்களில் அதைப் பொறித்தான். 683இல் பலெம்பாங் அருகே பழைய மலாய் மொழியையே அந்த எழுத்தில் எழுதினார்கள். என் கணிப்பு இது: வணிகர் தங்களுக்குள் படிக்க எழுதினார்கள், அது அவர்களோடு போய்விட்டது. அரசன் ஊருக்குப் படித்துக்காட்ட எழுதினான், அது தங்கிவிட்டது. உங்கள் கற்பனைத் தீவுகளில் யார் எழுத்தைச் சுமந்து வந்தார், யாருக்காக எழுதினார் என்று கேட்டுக்கொண்டால், எந்தத் தீவில் எழுத்து வேர் பிடித்தது, எந்தத் தீவில் ஒரே ஒரு கல்லோடு நின்றுபோனது என்பது தானாக விளங்கும்.

தாழம்பூ இலையில் ஊசி

அடுத்தது, எதன் மேல் எதைக் கொண்டு எழுதினார்கள். இதைப் பற்றி எல்லாரும் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: ஓலையில் நேர்கோடு போட்டால் கிழியும், அதனால் தென்னாட்டு எழுத்துகள் வட்டமாயின. ஒடியா, பர்மிய எழுத்துகளைப் பார்த்தால் சரி என்று படும். ஆனால் நம் ப, ட, ம எல்லாம் நேர்கோடுகளோடுதானே நூற்றாண்டுக் கணக்கில் பனையோலையில் வாழ்ந்தன? ஓலை ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எழுதும் கையின் வழக்கமும், ஊரின் அழகுணர்வும் சேர்கின்றன. பர்மியர்களே சடங்கு நூல்களுக்குப் புளியங்கொட்டை எழுத்து என்று சொல்லும் சதுர வடிவத்தை வைத்திருந்தார்கள்.

படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்க்கலாம் என்று தேக்கா ஈரச் சந்தையில் ஒரு கட்டு பண்டான் இலை வாங்கினோம். தாழையின் உறவு, பனையோலை இல்லைதான், ஆனாலும் நரம்பு நீளவாக்கில் ஓடும். துணி தைக்கும் ஊசியைப் பென்சில் முனையில் செருகிக்கொண்டு அவள் இலையில் கீற ஆரம்பித்தாள். நரம்போடு கோடு இழுத்தால் ஊசி ஒரு பள்ளத்துக்குள் விழுந்து தன் பாட்டுக்கு ஓடிவிடுகிறது. நிறுத்த நினைத்த இடத்தில் நிற்பதில்லை. குறுக்கே இழுத்தால் ஒவ்வொரு நரம்பிலும் ஒரு சின்ன உதறல். வளைவு போடும்போது கை தானாக மெதுவாகிறது, இலையைத்தான் திருப்பத் தோன்றுகிறது. பத்து எழுத்து முடித்துக் கண்மையைத் தடவித் துடைத்தோம். கீறல்கள் கறுப்பாக எழுந்து வந்தன. அவள் வைத்த புள்ளிகளில் பாதி ஓட்டையாகிவிட்டிருந்தன.

அந்த ஓட்டைகள் எனக்குப் பெரிய விளக்கம். நம் ஓலைச்சுவடிகளில் பல இடங்களில் புள்ளியே இருக்காது. ஓலை கிழிந்துவிடும் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். ர-வும் காலும் ஒரே உருவம். மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு பெரும்பாலும் இதுதான். ஆக, எழுதும் பொருள் எழுத்தின் உருவத்தை மட்டும் வளைப்பதில்லை. எந்த வேறுபாடு தாளில் தங்கும், எது படிப்பவர் தலைக்குள் போய்விடும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

சரி, இனி உருவத்துக்கு வருவோம். இங்கே ஒரே ஒரு கட்டளைதான்: விதியை எல்லா எழுத்துக்கும் பாரபட்சமில்லாமல் போடுங்கள். அவளுடைய மூல எழுத்தில் த என்பது ஒரு நெட்டுக்கோடு, வலப்பக்கம் முக்கோணக் கொடி. ந-வுக்கு அதே கொடி இடப்பக்கம். ஓலைத் தீவுக்கு விதி: முக்கோணமெல்லாம் வளையமாகும், கோட்டின் கால் வலப்பக்கம் கொக்கி போடும். மூங்கில் தீவில் கத்தியால் கீறுகிறார்கள். அங்கே வளைவு கிடையாது, கொடி இரண்டு சாய்ந்த வெட்டாகிவிடும். துறைமுகத் தீவில் தூரிகையும் மையும், கணக்கு எழுதும் அவசரமும். அங்கே விதி: கையைத் தூக்காமல் எழுத வேண்டும். இருபது எழுத்தையும் இருபத்தைந்து தடவை வேகமாக எழுதச் சொன்னேன். மணிக்கட்டு வலிக்கிறது என்றாள், வலிக்கட்டும் என்றேன். பதினெட்டாவது தடவையில் த-வும் ந-வும் ஒரே சுழிப்பாகிவிட்டன.

"ஐயோ, ரெண்டும் ஒண்ணாயிடுச்சு" என்று அழிக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். உண்மையான எழுத்துகளில் நடப்பது இதுவேதான். இரண்டு எழுத்து ஒன்றாகிவிட்டால் எழுதுகிறவர்கள் எதையாவது செய்து பிரிப்பார்கள்: ஒன்றின் கீழ் புள்ளி, இல்லையென்றால் ஒன்றின் வாலை நீட்டுவது. அவள் ந-வின் கீழ் ஒரு சிறு கோடு போட்டாள். இப்போது துறைமுகத் தீவின் ந-வில் ஒரு கோடு இருக்கிறது; மற்ற நாலு தீவிலும் இல்லை; ஏன் என்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. தாளில் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்தக் கோடு கிடைத்திருக்காது.

பாட்டியின் லை

ஒரு தீவுக்குள்ளேயே எழுத்து ஒரு வயதில் நின்றுவிடக் கூடாது. என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தஞ்சாவூரிலிருந்து பாட்டி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஒன்றை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "தலைவலி" என்ற சொல்லில் திக்கி நின்றுவிட்டாள். அந்தக் காலத்து லை-யில் ல-வின் தலையிலிருந்தே யானைத் துதிக்கை போல ஒரு சுழி முன்னால் வளைந்து இறங்கும். ணை, ளை, னை எல்லாம் அப்படித்தான். ணா, றா, னா-வுக்கும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களுக்கும் தனி உருவம். மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1930களிலேயே தம் பத்திரிகையில் மாற்றிக் காட்டியதைத் தமிழக அரசு 1978இல் ஆணையாக்கியது; பின்னர் சிங்கப்பூரும் ஏற்றுக்கொண்டது. தமிழ் நன்றாகப் படிக்கிற பதினைந்து வயதுப் பெண், கொள்ளுப்பாட்டியின் தலைவலியைப் படிக்க முடியாமல் நிற்கிறாள். ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைக்குள் நடந்த விஷயம் இது.

நம்மூரில் சீனர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. 1969இல் சிங்கப்பூர் தன் சொந்த எளிய எழுத்துப் பட்டியலை வெளியிட்டது, 1974இல் இன்னொன்று, 1976இல் சீனாவின் பட்டியலோடு ஒத்துப்போனது. பழைய சங்கக் கட்டடங்களின் நெற்றியில் இன்றும் மரபெழுத்து; கீழே பேருந்து நிறுத்தத்தில் எளிய எழுத்து. தமிழ் வரலாற்றில் பின்னால் போனால் வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் வழங்கிய அந்த எழுத்து, சோழர் ஆட்சி வந்தபின் கல்வெட்டுகளிலிருந்து மெல்ல மறைந்தது. கேரளத்தில் இன்னும் பல நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. எழுத்து மாறுவதற்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆணையோ ஆட்சியோ அச்சுக்கூடமோ இருக்கிறது. கற்பனை உலகத்தில் கோயில் வாசலில் ஒரு வடிவமும், வரி ரசீதில் இன்னொரு வடிவமும் வைத்தால், வசனம் ஒன்றுமே இல்லாமல் ஓர் ஆட்சி மாற்றத்தைச் சொல்லிவிடலாம்.

ஐந்தில் ஒரு தீவை மட்டும் குடும்பத்திலிருந்து விலக்கி வைக்கச் சொன்னேன். எல்லாரும் சொந்தமாக இருக்கிற ஊர் எங்கேயும் இல்லை. அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி இனத்து செக்கோயாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்து என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, 1821 வாக்கில் தன் மொழிக்கு எண்பத்துச் சொச்ச அசையெழுத்துகளை உருவாக்கினார். ஆங்கில 'டபிள்யூ'வின் உருவம் அதில் 'லா', 'எச்'சின் உருவம் 'மி'. முகம் அப்படியே ஒத்துப்போகிறது, நடையில் ஒட்டுறவே இல்லை. சாயல் முகத்தில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும், நம் தமிழ் முஸ்லிம்கள் தமிழை அப்படி எழுதிய அர்வியும் வேறு வகை. அரபியில் இல்லாத ங, ஞ, ப போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். ஒரே கடலோரத்தில் வாழ்ந்த மலாய்க்காரரும் தமிழரும் ஒரே தேவைக்கு ஒரே தீர்வைக் கண்டிருக்கிறார்கள்.

எழுத்துருவாக்குவது பற்றிச் சுருக்கமாக. யூனிகோடில் தனிப் பயன்பாட்டுக்கென்று 6,400 இடங்கள் ஒரே தொகுதியாக ஒதுக்கியிருக்கிறார்கள். கற்பனை எழுத்துக்கு அது தாராளம். தமிழில் நாம் க-வைத் தட்டி, பிறகு கொம்பைத் தட்டுகிறோம். கணினி கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுகிறது. தனிப் பயன்பாட்டு இடத்தில் அந்த நகர்த்தும் வேலையைக் கணினி தானாகச் செய்யாது. தாய்லாந்து எழுத்தில் கண்ணில் படுகிற வரிசையிலேயே தட்டுகிறார்கள். முதல் எழுத்துருவுக்கு அந்த வழியே போதும். பிற்பாடு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். தமிழுக்கு இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு குறியீடு வைத்திருந்த காலத்தில், நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் விசைப்பலகைக்கும் இணையத்துக்கும் உழைத்ததும், 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்கே நடந்ததும் நினைவில் வைக்க வேண்டியவை.

போன வாரம் அவள் புதிய பக்கங்களை அனுப்பியிருந்தாள். மலைத்தீவின் பள்ளிக்கூடம். மண் தரையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுத்துகளைப் பாடுகிறார்கள். சுவரில் இருபத்து நான்கு எழுத்துகள். முதல் இருபதும் பேரரசின் வரிசை. கடைசி வரியில் தனியாக நாலு எழுத்து, கொஞ்சம் சின்னதாக, வேறு கை எழுதியது போல.

"அந்த நாலு ஏன் கடைசியில இருக்குன்னு கதையில சொல்லப்போறியா?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தி. அந்தப் பிள்ளைங்களுக்கே தெரியாது."